நாலு பேர், ஒரே வேகம்: சாகசப் பந்தயத்துக்குக் கொங்கு நாட்டில் ஓர் அணியைத் தயார் செய்வது எப்படி

சாகசப் பந்தயம் என்பது இதுதான்: நாலு பேர் ஒரு காகித வரைபடத்தையும் ஒரு காம்பஸையும் வைத்துக்கொண்டு, நடந்தும் ஓடியும் சைக்கிள் மிதித்தும் துடுப்புப் போட்டும், குறித்துக் கொடுத்த இடங்களையெல்லாம் தொட்டுவிட்டு ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். வழி எது என்று அம்புக்குறி போட்டிருக்க மாட்டார்கள். ஜிபிஎஸ் கூடாது. செல்போனை உறையில் போட்டு ஒட்டித் தருவார்கள், ஆபத்துக்கு மட்டும் பிரிக்கலாம். நாலு பேரில் மூன்று பேர் முதலில் வந்துவிட்டால் அதற்கு மதிப்பில்லை. கடைசி ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் அணியின் நேரம்.

நியூசிலாந்தில் 1983இல் தொடங்கிய கோஸ்ட் டு கோஸ்ட், பிரெஞ்சுக்காரர்கள் 1989இல் அதே நாட்டில் நடத்திய ரெய்ட் கோலுவாஸ், அமெரிக்காவில் 1995இல் வந்த ஈகோ சேலஞ்ச் என்று இது வளர்ந்தது. 2019இல் ஃபிஜி தீவில் 671 கிலோமீட்டருக்கு நடந்த பந்தயத்தில் எவரெஸ்ட் ஏறிய இரட்டைச் சகோதரிகள் தாஷி, நுங்ஷி மாலிக் இருந்த இந்திய அணியும் கலந்துகொண்டது. அதெல்லாம் பல நாள் பந்தயம். நீங்கள் தொடங்க வேண்டியது ஐந்து மணி முதல் எட்டு மணி நேரத்தில் முடிகிற சின்னப் பந்தயத்தில். கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ மாரத்தான் ஓடிப் பழகிய, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தோடு போய்வருகிற ஆட்களுக்கு மூன்று மாதத் தயாரிப்பு போதும்.

முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். புது அணிகளின் நேரம் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும்போதுதான் போகிறது. வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாக்குவாதம், ஷூ மாற்ற இருபது நிமிடம், பஞ்சர் ஒட்ட அரை மணி, ஒருத்தருக்குத் தசை பிடித்துக்கொண்டதும் மற்ற மூவரும் இடுப்பில் கைவைத்து வேடிக்கை. ஓடும் வேகத்தைக் கூட்ட வருஷக் கணக்காகும். நிற்கும் நேரத்தைக் குறைக்க மூன்று மாதம் போதும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. ஆள் சேர்ப்பது

உலக அளவிலான பந்தயங்களில் அணி என்றால் நாலு பேர், ஆணும் பெண்ணும் கலந்திருக்க வேண்டும். சின்னப் பந்தயங்களில் இரண்டு பேர், மூன்று பேர் அணியும் உண்டு. முதல் தடவைக்கு மூன்று பேர் அணி சுலபம்: ஒரே காரில் போகலாம், மூன்று பேருக்கும் ஒத்துவருகிற ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும்.

ஊரிலேயே வேகமாக ஓடுகிற ஆளைத் தேடாதீர்கள். உங்களில் மெதுவான ஆளுக்கும் வேகமான ஆளுக்கும் இடைவெளி குறைவாக இருப்பதுதான் முக்கியம். பத்து கிலோமீட்டரை 45 நிமிடத்தில் ஓடுபவரும் 80 நிமிடத்தில் ஓடுபவரும் ஒரே அணியில் இருந்தால் மதியத்துக்குள் இருவருக்கும் கசந்துவிடும். அடுத்தது குணம். பசியிலும் வெயிலிலும் பேச்சு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை உண்டு: சேர்த்துக்கொள்ள நினைக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் நாலு மணி நேரம் சைக்கிள் போய்வாருங்கள். பஞ்சர் ஆனால் இன்னும் நல்லது.

பெண் வேண்டும் என்கிற விதிக்காக ஒருவரைச் "சேர்த்துக்கொள்வது" என்ற மனநிலையோடு தொடங்கும் அணிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நீண்ட பந்தயத்தில் பன்னிரண்டாவது மணி நேரத்தில் நிதானமாக வரைபடம் பார்க்கிற ஆள் பல அணிகளில் அவராகத்தான் இருப்பார். வீட்டில் பெரியவர்கள் தயங்கினால் அணி முழுவதும் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, எங்கே போகிறோம், ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவோம், மருத்துவ உதவிக்கு என்ன ஏற்பாடு என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். நம் பக்கத்தில் அது போனில் முடிகிற பேச்சில்லை.

ஆள் சேர்ந்ததும் இரண்டு பொறுப்புகளைப் பிரியுங்கள். கேப்டன் ஒருவர், வழி பார்ப்பவர் வேறொருவர். வழி பார்ப்பவருக்குக் கையில் உள்ள காகிதத்தைத் தவிர வேறு கவலை இருக்கக் கூடாது. யார் சாப்பிட்டார்கள், யார் குடிக்கவில்லை, யார் பேச்சு குறைந்துவிட்டது என்று பார்ப்பது கேப்டனின் வேலை.

2. சுமையை மாற்றிக்கொள்ளப் பழகுவது

புதியவர்களுக்கு மிகவும் கூச்சம் தருகிற படி இது. அதனாலேயே சீக்கிரம் தொடங்க வேண்டும். வலுவாக இருப்பவர் தளர்ந்தவரின் பையை வாங்கிச் சுமப்பதும், அவரைக் கயிறு கட்டி இழுப்பதும் இந்தப் பந்தயத்தில் செல்லும். நல்ல அணிகள் வெட்கமே இல்லாமல் செய்கிற காரியம். காலையில் இழுத்தவர் சாயங்காலம் இழுபடுவார்.

ஓட்டத்துக்குப் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, முன்னால் போகிறவரின் பையில் ஒரு முனையையும் பின்னால் வருகிறவரின் இடுப்புப் பட்டையில் மறு முனையையும் மாட்டினால் போதும். சட்டென்று கழற்றும்படி கொக்கி இருக்க வேண்டும். சைக்கிளுக்கு, நாயைப் பிடித்துக்கொண்டு போகிற சுருள் வார் கடையில் கிடைக்கும், வெளிநாட்டு அணிகளும் அதைத்தான் முன் சைக்கிளின் சீட் கம்பியில் கட்டுகிறார்கள். வண்டி நடமாட்டமில்லாத மைதானத்தில் பழகிய பிறகே சாலைக்குக் கொண்டுவர வேண்டும். இறக்கத்தில் ஒருபோதும் கட்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டுப் பயிற்சியில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கேப்டன் ஒவ்வொருவரிடமும் "பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார், அதாவது எவ்வளவு தெம்பு மிச்சம் என்று. ஏழுக்குக் கீழே சொல்பவரின் பை உடனே கைமாறும். "பரவாயில்லீங்க, நானே தூக்கிக்கறேன்" என்ற மரியாதைக்கு இங்கே இடமில்லை. அந்த மரியாதையால் அடுத்த மணி நேரத்தில் அணி முழுவதும் நடந்துகொண்டிருக்கும்.

வாரத்துக்குத் தனித்தனியாக இரண்டு ஓட்டம், ஒரு சைக்கிள், ஞாயிறு சேர்ந்து ஒரு கலப்புப் பயிற்சி. முதலில் 30 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் பையோடு 8 கிலோமீட்டர் நடை என்று தொடங்கி, மூன்றாம் மாதத்தில் ஆறு மணி நேரம் வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் தேவையில்லை.

3. வரைபடம்

பந்தயத்தைத் தீர்மானிப்பது இதுதான். மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் தொடங்குங்கள். அதில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. கொங்கு நாட்டின் பெரும்பகுதி 58ஆம் எண் தொகுதியில் வரும். அடிமட்டம் போன்ற, ஊடே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் தகடுள்ள காம்பஸ் ஒன்று வாங்குங்கள். செல்போன் காம்பஸ் வேண்டாம்.

நம் பகுதியில் காம்பஸ் ஊசி காட்டும் காந்த வடக்குக்கும் வரைபடத்தில் உள்ள உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைக்குள்தான். இரண்டு பாகை தவறினால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 35 மீட்டர் விலகும். ஆக, தொடங்குபவர்கள் அந்தக் கணக்கை இங்கே விட்டுவிடலாம். வேறு நாட்டுக்குப் பந்தயம் போனால் விடக் கூடாது.

முதல் பாடத்துக்கு ஊத்துக்குளிப் பக்கம் ஒரு மேட்டைத் தேர்ந்தெடுங்கள். மூட்டமில்லாத காலையில் அங்கிருந்து சென்னிமலை ஏறக்குறைய நேர்கிழக்கே தெரியும், காங்கேயத்துச் சிவன்மலை தென்கிழக்கே. இரண்டும் சமவெளியில் தனித்து நிற்கும் மலைகள் என்பதால் குழப்பமே வராது. இரண்டும் வடக்கிலிருந்து எத்தனை பாகை என்று காம்பஸில் எடுத்து, வரைபடத்தில் அந்தந்த மலையிலிருந்து பின்னோக்கிக் கோடு போடுங்கள். கோடுகள் வெட்டுமிடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். மேட்டை மாற்றி மாற்றி நாலு பேரும் செய்ய வேண்டும், ஏனென்றால் வழி பார்ப்பவருக்கு வெயில் தாக்கினால் அடுத்தவர் காகிதத்தை வாங்கியாக வேண்டும்.

இரண்டாவது பாடம், கைப்பிடிக் கோடுகள். அதாவது பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு போகக்கூடிய நீளமான அடையாளங்கள். கீழ்பவானி வாய்க்காலைவிட நல்ல கைப்பிடி இந்த நாட்டில் கிடையாது. சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு அது நிலத்தின் சமஉயரத்தை ஒட்டியே வளைந்து போகிறது. வாய்க்காலுக்கு மேட்டுப் பக்கம் வானம் பார்த்த புன்செய்க் காடு, தாழ்வான பக்கம் நெல்லும் மஞ்சளும் கரும்பும் வாழையும். கண் முன்னே பசுமை மாறிவிட்டால் வாய்க்காலின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று வரைபடம் இல்லாமலேயே சொல்லலாம். வாய்க்காலையே தடுப்புக் கோடாகவும் வைத்துக்கொள்ளலாம்: தேடும் இடம் வாய்க்காலுக்கு முன்னால் என்றால், தண்ணீர் கண்ணில் பட்ட கணத்தில் தாண்டிவிட்டோம் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, தூரம். நூறு மீட்டரை டேப் வைத்து அளந்து, வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். நடையில் பெரும்பாலோருக்கு அறுபதிலிருந்து எழுபதுக்குள் வரும். ஓட்டத்தில், ஏற்றத்தில், ராத்திரியில் என்று தனித்தனியாக எண்ணிக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் இட்டேரிகள். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் இரண்டு கிளுவை வேலிகளுக்கு நடுவே மாட்டுவண்டி போன பழைய பாதைகள் இவை. வரைபடத்தில் புள்ளிக் கோடாக இருப்பது தரையில் முள் அடைத்துக் கிடக்கும். வரைபடத்தில் இல்லாதது அருமையாக ஊரின் பின்புறம் கொண்டுபோய் விடும். ஒரு பாதை அடைபட்டிருந்தால் கிளுவை வேலியைப் பிரித்துக்கொண்டு நுழையாதீர்கள், அது ஒருத்தருடைய கொறங்காடு, வேலி போட்ட மேய்ச்சல் நிலம். படல் கதவு இருந்து, நுழைய அனுமதியும் இருந்தால், திறந்து போய்த் திரும்பச் சாத்தி விடுங்கள். ஆட்டைப் பட்டியை விட்டு வெளியே விட்ட அணி என்ற பெயர் அந்த ஊரில் பத்து வருஷம் நிற்கும்.

வழி கேட்கலாமா என்பது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும், தொடக்கக் கூட்டத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கலாம் என்றால் தோட்டத்துச் சாளை வீட்டில் இருக்கும் பெரியவரிடம், "ஏனுங்க அண்ணா, இந்த இட்டேரி எங்கீங்க போகுது?" என்று கேளுங்கள். "எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "கூப்பிடு தூரந்தானுங்க கண்ணு" என்று அவர் சொல்வது அரைக் கிலோமீட்டராகவும் இருக்கும், மூன்று கிலோமீட்டராகவும் இருக்கும். வாய்க்கால் பாலம் வருமா, கோயில் வருமா, டிரான்ஸ்ஃபார்மர் வருமா என்று அடையாளத்தைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

அணிக்குள் மூன்று விதிகள். வரைபடம் பேசும்போது இரண்டு பேர்தான் பேச வேண்டும், மற்ற இருவரும் தண்ணீர் குடிக்கலாம். முடிந்தவரை நடந்துகொண்டே படிக்க வேண்டும். வழி தவறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கேயே தேடாமல், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். இந்த மூன்றாவதைக் கடைப்பிடிக்கத்தான் மனசு வராது. "இன்னும் கொஞ்சம் போனா வந்துரும்" என்ற சொல் எந்த அணியில் அடிக்கடி வருகிறதோ அந்த அணி கடைசியில் வரும்.

4. சைக்கிள்

மலைச் சைக்கிள் போதும், விலை உயர்ந்தது வேண்டியதில்லை. முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ளதே நம் மண்ணுக்குச் சரி. நம் எதிரி பள்ளமில்லை, முள். நெருஞ்சி, வேலாமுள், சீமைக்கருவேலம் மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் நாலு டியூபைக் காலி செய்யும். டியூப்லெஸ் டயரில் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொள்வதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். முடியாதவர்கள் டியூபுக்குள்ளாவது அந்தத் திரவத்தைப் போட்டு, ஆளுக்கு இரண்டு டியூப் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆனால் இரண்டு பேர் சக்கரத்தில், ஒருவர் முள் தேடுவதில், ஒருவர் பம்பில். கண்ணைக் கட்டினாலும் கழற்றி மாட்டும் அளவுக்கு வீட்டு வாசலில் பழகுங்கள். செயின் இணைப்பு, பல கருவிகள் மடங்கிய மல்டிடூல், கியர் மாற்றும் டெரெய்லரைத் தாங்கும் துண்டு மூன்றும் அணிக்கு ஒரு செட் போதும்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கிற காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை ஓயாது. காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் சைக்கிள் எம்மாத்திரம். ஆனால் பயிற்சிக்கு அதைவிட நல்ல சமயம் கிடையாது: உடுமலையிலிருந்து பொள்ளாச்சி நோக்கிக் கிராமச் சாலையில் நாலு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக, சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு முழ இடைவெளியில் போய்ப் பாருங்கள். முன்னால் இருப்பவர் காற்றை வாங்க, பின்னால் மூவருக்கும் வேலை கண்கூடாகக் குறையும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் ஒதுங்கிப் பின்னால் வர வேண்டும். வலுவானவர் நாலு நிமிடம் இருக்கலாம், தளர்ந்தவர் முன்னுக்கே வர வேண்டியதில்லை.

5. தண்ணீர்

கிணற்றில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டி நீச்சல் பழகியவர்கள் நம் பக்கம் நிறைய. இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் ஏறவே கூடாது.

பயிற்சிக்கு இடம் பார்க்கும்போதுதான் ஆபத்து. மேட்டுப்பாளையத்தில் பவானி அமைதியாக ஓடுவதுபோல் தெரியும். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் திடீரென்று ஏறும், அங்கே போன உயிர்கள் ஏராளம். அமராவதி அணையிலும் பவானிசாகரிலும் முதலை உண்டு. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது இழுப்பு அதிகம், கரை வழுக்கும், ஏற இடம் கிடைக்காது. நொய்யலையும் அதன் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக் கழிவு என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் துடுப்போடு போக மாட்டார்கள். ஆகவே பயிற்றுநரும் மீட்புப் படகும் உள்ள இடத்துக்கு, வெளியூராக இருந்தாலும், இரண்டு வார இறுதிக்குப் போய்வாருங்கள். காரமடைக்கு மேலே பரளிக்காட்டில் வனத்துறை ஓட்டும் பரிசலில் ஒருநாள் உட்கார்ந்து வருவது தண்ணீர் பயம் போக உதவும். துடுப்புப் பயிற்சி ஆகாது, பரிசல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரட்டைக் கயாக்கில் திசை பிடிப்பவர் பின்னால், தாளம் போடுபவர் முன்னால். பின்னால் இருப்பவர் முன்னவரின் துடுப்பைப் பார்த்தே போட வேண்டும். கையால் இழுக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுங்கள், இல்லாவிட்டால் அரை மணியில் தோள் செத்துவிடும். கவிழ்ந்தால் துடுப்பை விடாமல் படகைப் பிடித்துத் திரும்ப ஏறுவதை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள்.

பாறையில் கயிறு கட்டி இறங்கும் பகுதி இருந்தால் தகுதியுள்ள பயிற்றுநரிடம் ஒருநாள் போதும். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளும் விஷயமில்லை.

6. மலையும் காடும்

ஏற்றப் பயிற்சிக்குச் சென்னிமலை நல்ல இடம். 1,320 படிகள். ஆனால் படி பக்தர்களுக்கானது, செருப்பில்லாமல் நிதானமாக ஏறுகிற பாட்டிகளை இடித்துக்கொண்டு ஷூவோடு ஓடுவது அசிங்கம். ஓட்டத்துக்கு வண்டிப் பாதை இருக்கிறது, விடியற்காலையில் காலியாக இருக்கும்.

காட்டுக்குள் மட்டும் அனுமதியில்லாமல் போகாதீர்கள். சத்தியமங்கலமும் ஆனைமலையும் புலிகள் காப்பகங்கள். ஆனைகட்டி, மருதமலை, தடாகம் அடிவாரங்களில் யானை விடியலிலும் அந்தியிலும் ஊருக்குள்ளேயே வரும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. உங்கள் பயிற்சிக்கு மட்டுமில்லை, பந்தயத்துக்கும் இது பொருந்தும். பணம் கட்டுவதற்கு முன் நடத்துபவர்களிடம் கேளுங்கள்: பாதை வனத்துறை நிலத்தில் போகிறதா, அனுமதி எழுத்தில் இருக்கிறதா, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், தண்ணீர்ப் பகுதியில் மீட்புப் படகு எத்தனை? "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்று பதில் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

7. சாப்பாடு

மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் தண்ணீர். கரூர், ஈரோடு பக்கம் பங்குனி சித்திரையில் 40 பாகையைத் தொடும் வெயிலில் இன்னும் கூடும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்பு குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வரும், அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையா, ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

வெளிநாட்டு ஜெல் பொட்டலம் இல்லாமலும் பந்தயம் முடிக்கலாம். கடலை உருண்டை, நேந்திரம்பழம், பேரீச்சை, கச்சாயம் எல்லாம் பையில் கசங்காமல் வரும். இனிப்பு திகட்டும் நேரத்துக்குக் கொஞ்சம் உப்புக் கடலை. முந்தின நாள் ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் போதும், கறி விருந்து பந்தயம் முடிந்தபின். பசிக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை கேப்டன் சொல்ல எல்லோரும் வாயில் போட வேண்டும். எதை வைத்தாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்ததாக இருக்கட்டும்.

8. மாற்றும் இடம்

ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு, சைக்கிளிலிருந்து படகுக்கு மாறும் இடங்கள் ஐந்து என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் என்றால் 75 நிமிடம். அதை ஐந்தைந்து நிமிடமாக்கினால் 50 நிமிடம் மிச்சம். அந்த 50 நிமிடத்தைக் காலால் சம்பாதிக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பை, பையின் மேல் பெரிய எழுத்தில் பெயர். ஒருவர் தண்ணீர் நிரப்ப, ஒருவர் அட்டையில் பதிவு செய்ய, ஒருவர் சைக்கிள்களை எடுக்க, வழி பார்ப்பவர் ஷூ மாற்றிவிட்டு அடுத்த வரைபடத்துக்குப் போய்விட வேண்டும். யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவரை எழுப்ப மூன்று நிமிடம் ஆகும். இதை மாடியிலோ வாசலிலோ கடிகாரம் வைத்து வாரம் ஒருமுறை செய்யுங்கள். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

9. ராத்திரி

எட்டு மணி நேரப் பந்தயம் சில சமயம் இருட்டில்தான் முடியும். ஆளுக்கு ஒரு தலை டார்ச், மாற்று பேட்டரி, பின்னால் சிவப்பு விளக்கு.

கொங்கு நாட்டில் ராத்திரி நடக்கிறவர்கள் பாம்பைவிடக் கிணற்றுக்குப் பயப்பட வேண்டும். தோட்டங்களில் கைப்பிடிச் சுவரில்லாத, நூறடி ஆழக் கிணறுகள் புல் மூடிக் கிடக்கும். இருட்டில் குறுக்கு வழி என்று வயலுக்குள் இறங்காதீர்கள், பாதையிலேயே போங்கள், அரைக் கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. தோட்டத்து நாய் குரைத்தால் ஓடாமல் சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நகருங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடித்த இடத்தை அசையாமல் வைத்து, போன் உறையைப் பிரித்து 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பந்தயம் அத்தோடு முடிந்தது.

10. பந்தய நாள்

முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் பறப்பார்கள். பறக்கட்டும். பேச்சு மூச்சு வாங்காமல் வருகிற வேகத்தில் நீங்கள் போங்கள். முதல் செக்பாயிண்டில், அதாவது தொட வேண்டிய முதல் இடத்தில், கொடியில் உள்ள எண்ணும் உங்கள் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று இருவர் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் சில பந்தயங்களில் நேரத்தைக் கூட்டுவார்கள், சிலவற்றில் அணியையே நீக்கிவிடுவார்கள். அணியில் ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கும் விதி இருக்கும், பெரும்பாலும் கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

நடுவில் சண்டை வரும். வந்தால் சாப்பிட்டு எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள், பாதிச் சண்டைக்குக் காரணம் அதுதான்.

முடித்த அன்றைக்கே, குளித்துச் சாப்பிட்டதும், நின்ற நேரங்களை நாலு பேரும் எழுதிவிடுங்கள்: எந்த இடத்தில், எத்தனை நிமிடம், எதனால். இரண்டு நாள் போனால் ஆளுக்கொரு கதை வரும். சைக்கிளில் முள்ளைப் பிடுங்கி, செயினைக் கழுவி எண்ணெய் விடுங்கள். வீட்டுக்குத் திரும்ப வண்டி ஓட்ட அணியில் யாரும் வேண்டாம். பந்தயத்துக்கு வராத ஒரு நண்பரை முதலிலேயே சொல்லி வைத்துக் கூட்டிப் போங்கள்.